சௌபி அம்மா ஆட்டோ

மகளை மதுரையில் விடுதியில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், மாரீஸ்வரி வழக்கம்போலக் கால்மணி நேரம் முன்னதாகவே ஆட்டோவைக் கிளப்பிவிட்டாள். கழனிவாசல் பிள்ளைகளை ஏற்றி, செக்காலைப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போகிற வழியில், ஊருணிக் கரை வந்ததும் கை தானாக வண்டியை ஓரங்கட்டியது. என்ஜினையும் அணைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, எதுக்கு இங்க நிக்கிறோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குட்டிப் பெண் கேட்டாள். இந்த வருஷம்தான் சேர்ந்தவள்.

"சௌபி அக்காவோட ஓடுறதுக்கு" என்றான் பழைய பையன் ஒருவன்.

"அந்த அக்காதான் மதுரைக்குப் போயிட்டாங்களே?"

மாரீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருணியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையில் செருப்பைக் கழற்றி வீச ஆளில்லை, பையைத் தூக்கி மடியில் எறிந்துவிட்டு ஓட ஆளில்லை. "சும்மாதான் தங்கம், காத்து வாங்க நிப்பாட்டுனேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கேட் திறக்கும் முன்பே போய் நின்றார்கள்.

காரைக்குடியில் அவளை மாரீஸ்வரி என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'சௌபி அம்மா ஆட்டோ' என்றால் ஸ்டாண்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆட்டோ ஓட்ட வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்தவள் இல்லை. காளையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், நெல்லும் மிளகாயும் போடுகிற வீட்டில் பிறந்தவள். சைக்கிள் ஓட்டவே பயம். கட்டிக்கொடுத்த இடம் காரைக்குடி. புருஷன் வீரபாண்டியன் அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக். கலியாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, டெப்போ ஆட்களோடு கொல்லூர் அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்த பிறகு பிறந்த மகள் என்பதால், அங்கே ஓடுகிற ஆற்றின் பேரையே வைத்துவிட்டான் வீரபாண்டியன். சௌபர்ணிகா. மாரீஸ்வரியின் சொந்தக்காரர்களில் ஒருவர் வாயிலும் அந்தப் பேர் நுழையவில்லை. ஆளாளுக்குச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் சௌபி என்று நின்றது.

ஆற்றின் பேரை வைத்ததாலோ என்னவோ, அந்தப் பிள்ளை ஓரிடத்தில் நிற்கவில்லை. தவழவே இல்லை; எழுந்து நின்றது, ஓடியது, அவ்வளவுதான். ஓடுகிற பிள்ளையின் வாயில் சோற்றை ஊட்ட மாரீஸ்வரியும் கிண்ணத்தோடு ஓடுவாள். வாசலில் ஒரு வாய், கொல்லையில் ஒரு வாய், பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஒரு வாய். இட்லி மாவுக்குள் அப்பனின் செல்போன் கிடக்கும். அரிசிப் பானைக்குள் ஒற்றைச் செருப்பு இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, அதை மறந்து, எதிர்வீட்டுக் கோழியை விரட்டப் போயிருப்பாள். போன இடத்தில் கோழியையும் மறந்து அங்கே சுவரில் ஊர்கிற எறும்பிடம் பேசிக்கொண்டிருப்பாள். தூங்கும்போதுகூட அந்தக் கால்கள் உதைத்துக்கொண்டே இருக்கும்.

சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்குப் போனால் ஆளுக்கொரு பேச்சு. "பொட்டப்பிள்ள இப்புடியா ஆடும்?" என்பார்கள் சிலர். "செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா" என்பார்கள் சிலர். ஒரு காதுகுத்தில் பந்தி நடக்கும்போது சௌபி மேசைக்கு அடியில் புகுந்து ஓடியதில் சாம்பார் வாளி கவிழ்ந்து, பெரிய ரகளையாகிவிட்டது. அதன்பிறகு மாரீஸ்வரியே விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். வீரபாண்டியன் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தினமும் சாயங்காலம் டைரியில் ஒரு புகார் வரும். எழுதவில்லை, உட்காரவில்லை, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுத்து உடைத்துவிட்டாள். இத்தனைக்கும் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற பிள்ளைதான். கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் பதிலைச் சொல்லிவிடும். அதுவும் ஒரு புகாராக எழுதி வந்தது.

அப்போது பள்ளிக்கூட வேனில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது வேன் நின்றது. தண்டவாளத்துக்கு அங்குட்டு ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சௌபி கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து, போய்விட்டாள். வேன்காரர் குதித்து ஓடிப்போய், கேட்டுக்காரரும் கத்திக்கொண்டே ஓடிவந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ரயில் போனது.

வேன்காரர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"தாயீ, கோவிச்சுக்கிறாதீக. நாளையில இருந்து இந்தப் பிள்ளைய என்னால ஏத்த முடியாது. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் போனதும் மாரீஸ்வரிக்குக் கண்மண் தெரியவில்லை. கதவு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து மகளை விளாசிவிட்டாள். சௌபி அன்றைக்கு ஓடவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு எல்லா அடியையும் வாங்கிக்கொண்டாள். அப்புறம், தேம்பித் தேம்பிச் சொன்னாள்:

"நான் போகலம்மா. காலுதாம்மா போகுது. நான் வேணாம்னுதான் சொன்னேன். அது கேக்கல."

மாரீஸ்வரி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தாள். முழங்காலெல்லாம் பழைய தழும்பு, புதிய சிராய்ப்பு. அந்தச் சின்னக் கால் அவள் கைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருந்தது. வீரபாண்டியன் வேலை முடிந்து வந்ததும், "நாளைக்கு லீவு போடுங்க. மதுரைக்குப் போவோம். டாக்டரப் பாக்கணும்" என்றாள்.

"அவளுக்குக் காய்ச்சலா?"

"இல்ல. ஆனா பாக்கணும்."

மதுரையில் சுபலட்சுமி என்ற பிள்ளைகள் மனநல டாக்டர் இருந்தார். அவர் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார், மறுபடியும் வரச் சொன்னார், சௌபியோடு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினார். கடைசியில்தான், இது ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற, உடம்பும் கூடவே ஓடுகிற ஒரு நிலை என்று சொன்னார். அடங்காப் பிள்ளை என்று அர்த்தமில்லை, வளர்ப்பு சரியில்லை என்றும் அர்த்தமில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மாரீஸ்வரி அழுதுவிட்டாள். அதுவரை அந்த வார்த்தையை அவளிடம் யாருமே சொன்னதில்லை.

"குடும்பத்துல வேற யாராவது சின்ன வயசுல இப்படி இருந்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மாரீஸ்வரி யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல யாரும் இல்லீங்க" என்றாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே வீரபாண்டியன் சொன்னான். "நான்தாங்க டாக்டர். இப்படியேதான் இருந்தேன். எங்க அய்யா என்னைய வேப்பமரத்துல கட்டிப் போட்டுட்டுத்தான் வயலுக்குப் போவாரு. வாத்தியாருக அடிக்காத நாள் கிடையாது. ஒம்பதாவதோட வெளிய வந்துட்டேன். மக்குப் பயன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

கலியாணமாகி அத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. அவன் ஏன் உறவுக்காரர்கள் முன்னால் வாயே திறப்பதில்லை, ஏன் பஸ் என்ஜினுக்குள் தலையை விட்டால் மட்டும் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிறான் என்று மாரீஸ்வரிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அவன் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். மேலூர் தாண்டும்போது, "இவளை யாரும் கட்டிப் போடக் கூடாது மாரி" என்றான்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். காலையில் சாப்பிட்டதும் ஒன்று. மத்தியானம் பசிக்காது, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். ராத்திரிக்குச் சேர்த்து வைத்துச் சாப்பிடுவாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும், செய்து முடித்ததும் பாராட்ட வேண்டும், கொஞ்ச நேரம் படித்தால் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் கேட்க எளிதாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பிள்ளை தெளிவாக இருக்கும். சாயங்காலம் அதன் வீரியம் குறைந்ததும் வீடு இரண்டுபடும்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒத்துவரவில்லை. வருஷக் கடைசியில் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த உதவி பெறும் பள்ளியில் கண்ணம்மை டீச்சர் என்று ஒருவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் கிளாஸ்ல நோட்டு அடுக்க, போர்டு அழிக்க, சாக்பீஸ் வாங்கிட்டு வர ஒரு ஆள் வேணும். ஒக்காந்தே இருக்குற ஆளு எனக்கு எதுக்கு?" என்று சேர்த்துக்கொண்டார்.

அவ்வளவு தூரம் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் விடுவது? டவுன்பஸ்ஸில் அவளைப் பிடித்து வைக்க முடியாது. எந்த வேன்காரரும் ஏற்ற மாட்டார். வீரபாண்டியனுக்கு ஒருவாரம் பகல் ஷிப்ட், ஒருவாரம் இரவு ஷிப்ட். இரண்டு வாரம் மாரீஸ்வரி நடந்தே கூட்டிப்போனாள். மூன்றாவது வாரம், டெப்போவுக்கு எதிரில் விலைக்கு நின்ற ஒரு பழைய ஆட்டோவைப் பார்த்துவிட்டு வந்து, புருஷனிடம் சொன்னாள்: "எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

வீரபாண்டியன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

செய்தி கிராமத்துக்குப் போனது. அவளுடைய அண்ணன் வீரணன் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டான். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏத்தா, நம்ம வீட்டுப் பிள்ள காக்கிச் சட்டை மாட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறதா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"என்ன வேணாச் சொல்லட்டும்ணே. அந்த நாலு பேருல ஒருத்தர வரச் சொல்லு. தெனம் காலையில வந்து எம்பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடட்டும். நான் காக்கிச் சட்டையக் கழட்டிப் போட்டுர்றேன்."

வீரணன் மச்சானைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லக் கூடாதா மாப்ள?"

"நான்தான் மச்சான் கத்துக்குடுக்குறேன்" என்றான் வீரபாண்டியன். வீரணன் கோபித்துக்கொண்டு போனவன், அடுத்த தீபாவளிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பக்கத்து மைதானத்தில், இரவல் ஆட்டோவில் வண்டி பழகினாள். புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. "கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு" என்று அவன் கத்துவான், விட்டால், "எதுக்கு விட்ட?" என்பான். ஒருநாள் வண்டியை நட்டநடுவில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தாள். சௌபி மட்டும் மைதானம் முழுக்க ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பாள். ஆட்டோவோடு போட்டி போட்டு ஓடிவிட்டு வந்து சாய்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளை சாயங்காலம் உட்கார்ந்து ஒருபக்கம் எழுதுகிறாள் என்பதை மாரீஸ்வரி கவனித்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

லைசென்ஸ் வாங்கி, அந்தப் பழைய ஆட்டோவையும் வாங்கி ஓட்ட ஆரம்பித்தபோது, தினமும் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ஊருணிக் கரையில் நிறுத்துவாள். சௌபி கரையைச் சுற்றி ஓடிவிட்டு வருவாள். வியர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளைக்கு முகம் துடைத்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்து, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். அடுத்தமுறை டாக்டரிடம் சொன்னபோது, "இதை மட்டும் விட்றாதீங்க" என்றார் அவர்.

முதலில் அந்த ஆட்டோவில் பிள்ளைகளை அனுப்ப யாரும் முன்வரவில்லை. ஓட்டுகிறவள் பொம்பளை என்பது ஒன்று, "அந்தத் துள்ளுற பிள்ளைகூடயா?" என்பது இன்னொன்று. வளையல்கடை வள்ளியப்பனின் மனைவி ஆச்சிதான் முதலில் தன் மகனையும் மகளையும் அனுப்பினார். வேறு வண்டி கிடைக்காமல், ஒரே ஒரு வாரத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்.

முதல்நாளே சௌபி அந்த இரண்டு பிள்ளைகளையும் பேசிப் பேசிக் காது வலிக்க வைத்துவிட்டாள். கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் மாரீஸ்வரி ஒரு விசிலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"சௌபி, அம்மா டிரைவரு. நீ யாரு?"

"நான் யாரு?"

"கண்டக்டரு. எல்லாரும் ஏறிட்டாங்களா, பை உள்ள இருக்கா, கை வெளிய நீட்டாம இருக்காங்களான்னு பாத்து, கம்பிய மாட்டிட்டு விசில் அடிச்சாத்தான் வண்டி நகரும். கண்டக்டர் எந்திரிச்சுத் தொங்குனா வண்டி நின்னுரும்."

அது முதல் மூன்று நாள் வண்டி வழிநெடுக நின்று நின்றுதான் போனது. சௌபி தொங்கினால் மாரீஸ்வரி நிறுத்திவிடுவாள். திட்டமாட்டாள், பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஆரன் அடிப்பார்கள். "சௌபி, ஒக்காரு, லேட்டாவுது" என்று அந்தப் பிள்ளைகளே கெஞ்சும். நாலாவது நாள் சௌபி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டாள். இறங்கும்போது நெற்றியில் வியர்வை. பாரம் சுமந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

"நான் தொங்கலம்மா. பாத்தியா?"

"பாத்தேன்டி என் கண்டக்டரு" என்றாள் மாரீஸ்வரி.

ஒரு வாரத்துக்கு என்று வந்த வள்ளியப்பன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அந்த ஆட்டோவில்தான் வந்தார்கள். மற்ற வண்டிகளில் போகும் பிள்ளைகள் தூங்கிவழிந்துகொண்டு போக, இந்த ஆட்டோ மட்டும் கூச்சலும் கும்மாளமுமாகப் போகும். ஊருணிக்கரையில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தால் திரும்பி வந்துவிடுவார்கள். மழைநாளில் எல்லோருக்கும் தார்ப்பாயை இழுத்துவிட்டு, சௌபி மட்டும் நனைந்துகொண்டு நிற்பாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. ஏழாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தோற்றாள். பத்தாம் வகுப்பில் ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு, பரீட்சைக்கு முந்திய நாள் பள்ளிக்கூடத்தில் போய் இன்னொன்று வாங்கினார்கள். தோழிகளிடம் யோசிக்காமல் எதையாவது சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுவாள். வயதுக்கு வந்த பிறகு, ஊருணிக்கரையில் ஓடுவதைப் பற்றி ஸ்டாண்டில் ஒருத்தர் ஏதோ சொல்ல, மாரீஸ்வரி அவர் முன்னால் போய் நின்று, "எம்மக ஓடுறது ஒங்களுக்கு எங்க வலிக்குது, காட்டுங்க" என்று கேட்டாள். அப்புறம் யாரும் அதைப் பேசவில்லை. சௌபி பிளஸ் டூ முடிக்கிறவரை ஓடினாள்.

அந்த வருஷம்தான், சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பைக் விழுந்து ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தார். எல்லோரும் சுற்றி நின்று போன் எடுத்துக்கொண்டிருக்க, ஆட்டோவிலிருந்து குதித்த சௌபி தன் துப்பட்டாவைக் கழற்றி அவர் காலைக் கட்டி, ஆம்புலன்சுக்குச் சொல்லி, அது வரும்வரை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் மகள் ஓரிடத்தில் அசையாமல் இருந்து மாரீஸ்வரி பார்த்ததில்லை. வந்த ஆம்புலன்ஸ் பெண்ணிடம், "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் விட்டாள். அதைத்தான் மதுரையில் படிக்கப் போனாள். அவசர சிகிச்சைப் படிப்பு.

மகள் இல்லாத முதல் மாதங்களில் மாரீஸ்வரிக்கு ஒன்றும் ஓடவில்லை. இட்லி மாவு அப்படியே இருந்தது, செருப்புகள் ஜோடியாக இருந்தன, குழாய் மூடியிருந்தது. ஒரே ஒரு நாள் இந்த வீடு சும்மா இருக்காதா என்று எத்தனை தடவை கொப்புடையம்மனிடம் வேண்டியிருப்பாள்! அதை வீரபாண்டியனிடம் சொன்னபோது, "நானும் அதத்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தான்.

போன மாதம் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு சௌபி வந்தாள். புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய் நின்றார்கள். மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் முடி நரைத்துவிட்டது என்றாள், பசிக்கிறது என்றாள், ஒரு தோழிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்த கதையைப் பாதியில் ஆரம்பித்தாள்.

"பை எங்க?" என்றான் வீரபாண்டியன்.

சௌபி வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் அப்போதுதான் தேவகோட்டையைப் பார்த்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

வீரபாண்டியன் டெப்போவுக்குப் போன் போட்டு, அந்தப் பஸ் கண்டக்டரின் நம்பரை வாங்கி, பையை எடுத்து வைக்கச் சொன்னான். மூவரும் ஆட்டோவில் ஏறித் தேவகோட்டைக்குக் கிளம்பினார்கள். "திட்டாதம்மா" என்றாள் சௌபி. "யாரு திட்டுனா?" என்றாள் மாரீஸ்வரி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வழியெல்லாம் சௌபி பேசிக்கொண்டே வந்தாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டில் போட்டிருக்கிறார்களாம். ஒருத்தர் மூச்சு நின்று வந்தாராம், இவள்தான் ஓடிப்போய் மிஷினை இழுத்து வந்தாளாம். "அங்க ஓடுனா யாரும் திட்டலம்மா. இன்னும் வெரசா ஓடுன்னுதான் சொல்றாங்க." சொல்லிவிட்டு அடுத்த நொடியே வெளியே கையைக் காட்டி, "அப்பா, அந்த மரத்தைப் பாரேன், மயிலு!" என்றாள். வீரபாண்டியன் திரும்பிப் பார்த்தான். மயிலைப் பார்த்தானோ, மகளைப் பார்த்தானோ.

மாரீஸ்வரி வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பை எங்கேயும் ஓடிவிடாது.